கோப்பில் கணவன் இல்லை: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தக் கோப்பு இரண்டு அங்குலத் தடிப்பு இருக்கும். நாலரை வருடத்துப் பரிசோதனைத் தாள்கள் திகதி வாரியாகத் துளையிட்டுக் கோர்க்கப்பட்டிருந்தன. கருப்பை ஸ்கேன், கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே, தைரொயிட், புரோலக்ரின், மாதவிடாய்ச் சுற்றின் 21ஆம் நாள் புரொஜெஸ்ரரோன், எல்லாமே சரியாக இருந்தன. ஆறு சுற்றுக்கு, முட்டை வெளியேற்றத்தைத் தூண்டும் குளோமிபீன் குளிசையும் கொடுத்திருந்தார்கள். பிள்ளை தங்காமல் வந்த, கோப்புக்குரிய பெண்ணுக்கு வயது 30. அவருடைய கணவனைப் பற்றி அதில் ஒரு தாள்கூட இல்லை.

"இவற்ற விந்துப் பரிசோதனை எங்க, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"இவருக்கு ஒண்டும் இல்லை டொக்டர். திடமாத்தானே இருக்கிறார்."

கணவன் வெளியே வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார். இந்த ஆய்வு அவரைப் பற்றியது. தம்பதிகள் இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 33. உப்புவெளிப் பக்கம் மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துபவர். உயரம் 171 சென்ரிமீற்றர், எடை 96 கிலோ. சிகரெட் இல்லை, எப்போதாவது பியர். நீரிழிவு இல்லை. சின்ன வயதில் விதை இறங்காத பிரச்சினையோ, கூவைக்கட்டு வந்து விதை வீங்கியதோ இல்லை.

மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோதுதான் மிச்சம் வந்தது. பதினான்கு மாதத்துக்கு முன் டெங்கு வந்து கிடந்து எழும்பியிருக்கிறார். எழும்பி மூன்று வாரமாகியும் உடம்பு தேறவில்லை. களைப்பு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. யாரோ சொல்லி ஒரு தனியார் இடத்துக்குப் போனார். பின்னேரம் நாலு மணிக்கு, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றோடு, இரத்தம் எடுத்தார்கள். ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் மொத்தம் லீற்றருக்கு 7.6 நனோமோல், குறைவு, என்று வந்தது. ஒரேயொரு பரிசோதனைதான். அந்தக் கிழமையே முதல் ஊசி. பிறகு மூன்று கிழமைக்கு ஒருக்கால் 250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன்.

ஊசி நன்றாக வேலை செய்தது. களைப்புப் போனது, கை புயம் இறுகியது, வீட்டில் சந்தோசம் திரும்பியது. மனைவிக்கு 'விற்றமின் ஊசி' என்று சொல்லியிருந்தார். அதே மாதங்களில் மனைவி கோணேசர் கோயில் மலையில், பாறையோரத்து மரத்தில் சின்ன மரத்தொட்டில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். பத்திரகாளி அம்மனுக்கும் நேர்த்தி வைத்திருந்தார்.

பதினான்கு மாதத்தில் ஒருவராவது அவரிடம் "பிள்ளை வேணுமா?" என்று கேட்டிருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திராது. அந்தக் கேள்விக்குக் காசு இல்லை, கருவி தேவையில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பரிசோதனை

விதையின் பருமனை அளக்க ஒரு மணிக்கோவை இருக்கிறது. 1 மில்லிலீற்றரிலிருந்து 25 வரை, படிப்படியாகப் பெருக்கும் முட்டை வடிவ மணிகள் கயிற்றில் கோர்த்திருக்கும். ஒரு கையால் விதையைத் தொட்டுப் பார்த்து, மற்றக் கையால் மணியைத் தடவி எது பொருந்துகிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஆணுக்கு 15 மில்லிலீற்றர் மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இவருக்கு இரண்டு பக்கமும் 12 மில்லிலீற்றர் மணிதான் பொருந்தியது, மென்மையாகவும் இருந்தன. முதுகிலே பருக்கள். விதைப்பையில் நாளப் புடைப்பு இல்லை. மார்பு வீக்கம் இல்லை.

ஊசி போட்டு ஒரு கிழமையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 23 நனோமோல். விதையை இயக்கக் கபச்சுரப்பி அனுப்பும் இரண்டு ஓமோன்களில் எல்எச் 0.1க்கும் கீழ், எஃப்எஸ்எச் 0.2. செங்குருதிக் கலப் பங்கு 53 சதவீதம். 54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி. விந்துப் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. மையநீக்கியில் சுழற்றி, அடியில் படிந்ததையும் பார்த்தார்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி பார்த்தோம். அப்போதும் பூச்சியம்.

"ஓமோன் நல்லாத்தானே இருக்கு? பிறகெப்பிடி டொக்டர் அணு இல்லாமப் போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தாளில் மூளை, கபச்சுரப்பி, விதை என்று படம் கீறத் தொடங்கினேன். மூளையில் உள்ள ஐப்போதலமஸ் ஓமோனைத் துடிப்புத் துடிப்பாக விடும். அதைக் கேட்டுக் கபச்சுரப்பி எல்எச்சையும் எஃப்எஸ்எச்சையும் அனுப்பும். எல்எச் விதையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். எஃப்எஸ்எச் விந்தணு வளர்ப்புக்கு உதவும். போதுமான அளவு சுரந்ததும் மேலே தகவல் போய்ச் சுரப்பு மட்டுப்படும். பாதியில் அவர் மறித்தார்.

"இது காபரேட்டர் புளோட் மாதிரி."

அவர் சொன்ன விளக்கத்தை இன்றுவரை மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காபரேட்டர் கிண்ணத்தில் எண்ணெய் நிரம்பினால் புளோட் மிதந்து மேலே வரும், நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். எண்ணெய் குறைந்தால் புளோட் இறங்கும், வழி திறக்கும். வெளியிலிருந்து போத்தலால் நேரே கிண்ணத்துக்குள் எண்ணெய் ஊற்றினால் எஞ்சின் ஓடும், ஆனால் புளோட் மேலேயே நிற்கும், பம்பிலிருந்து வரும் குழாய் காய்ந்துபோகும். "அப்ப நான் பதினாலு மாசமாப் போத்தலால ஊத்தியிருக்கிறன்" என்றார். அதன் பிறகு கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் கதைக்கவில்லை.

குழாய் காய்வது விதைக்குத்தான் நேரடி அடி. விந்தணு உருவாக விதைக்குள்ளே இருக்கவேண்டிய டெஸ்டோஸ்டிரோன், இரத்தத்தில் ஓடுவதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். எவ்வளவு ஊசி போட்டாலும் வெளியிலிருந்து அந்தச் செறிவை விதைக்குள் கொண்டுவர முடியாது. விதையே அங்கு சுரக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே பரிசோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு முற்றாக இல்லாமல் போனது. கருத்தடையாகச் சோதித்த மருந்தை, பிள்ளைக்காகத் தவித்துக்கொண்டிருந்த வீட்டுக்குள் களைப்புக்கு மருந்தென்று அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் பரிசோதனையே நம்பக்கூடியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பின்னேரம் இறங்கும். வாயால் குளுக்கோஸ் எடுத்தாலே கால்பங்கு வரை குறையும். கடும் காய்ச்சலுக்குப் பிறகு சில கிழமைகளுக்குத் தாழ்ந்திருக்கும். இவருக்கு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. வெறும் வயிற்றில், காலையில், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்காமல் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று எழுதக்கூடாது. காலையில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று 2018இல் வந்த அமெரிக்க வழிகாட்டல்கள் இரண்டும் சொல்கின்றன. விரைவில் பிள்ளை வேண்டும் என்றிருக்கும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன.

நிறுத்தமும் காத்திருப்பும்

ஊசியை நிறுத்தினோம். அடுத்து வரப்போகும் மாதங்கள் கஷ்டமானவை என்பதை மறைக்காமல் சொன்னேன்: ஊசி வற்றும், உள்ளே சுரப்பு இன்னும் எழும்பியிருக்காது, இரண்டுக்கும் நடுவில் உடம்பு வெறுமையாகிவிடும். அதுவே நடந்தது. மத்தியானமானால் பட்டறையில் படுத்துவிடுவதாகச் சொன்னார். பழைய ஊசிக்கே திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டார்.

மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அவரே வீட்டில் சொன்னார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை இருவரும் ஒன்றாக வந்து பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள்.

நிறுத்திப் பத்துக் கிழமைக்குப் பிறகு, காலை ஏழரைக்கு, வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் இரத்தம் எடுத்தோம். டெஸ்டோஸ்டிரோன் 6.2, 6.6. எல்எச் 1.4, எஃப்எஸ்எச் 1.9. புரோலக்ரினும் தைரொயிட்டும் சரி. உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் பெரிற்றினும் சரி, கபச்சுரப்பியில் இரும்பு படிந்தாலும் இதே படம் வரும் என்பதால் அதையும் பார்த்தோம். தலைவலியோ பார்வைக் குறைபாடோ இல்லை. விந்தணு இன்னும் பூச்சியம். அதாவது விதை கெட்டுப்போகவில்லை, மேலிருந்து வரவேண்டிய கட்டளைதான் வரவில்லை.

எந்த மருந்தும் கொடுக்காமல் காத்திருந்திருக்கலாமா? இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை ஆய்வுகளில் பங்குகொண்டவர்களின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், ஊசியை நிறுத்தி 6 மாதத்தில் 67 சதவீதமானவர்களுக்கும், 12 மாதத்தில் 90 சதவீதமானவர்களுக்கும், 16 மாதத்தில் 96 சதவீதமானவர்களுக்கும் விந்தணு மில்லிலீற்றருக்கு 2 கோடி என்ற அளவுக்குத் திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே விந்தணு நன்றாக இருந்த, ஆரோக்கியமான ஆண்கள். இவருடைய பழைய எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. ஊசிக்கு முன் ஒருவரும் பார்க்கவில்லை. எடையும் கூட. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமற்றேஸ் நொதியம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்திரஜனாக மாற்றும். அந்த ஈஸ்திரஜன்தான் மூளையிடம் "போதும்" என்று சொல்வதில் முக்கிய பங்கு வகிக்கிறது. களைப்பைத் தாங்காமல் மறுபடி ஊசிக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் எனக்கு இருந்தது. மருந்து கொடுக்கத் தீர்மானித்தேன்.

அதே குளிசை

மருந்து குளோமிபீன். 1967இல் அமெரிக்காவில் பெண்களின் முட்டை வெளியேற்றத்துக்காக அனுமதிக்கப்பட்டது. ஐப்போதலமஸிலும் கபச்சுரப்பியிலும் உள்ள ஈஸ்திரஜன் ஏற்பிகளில் இது போய் உட்கார்ந்துவிடும். ஈஸ்திரஜன் இருந்தும் மூளைக்கு அது தெரியாது. இன்னும் வேண்டும் என்று நினைத்துக் கட்டளையைக் கூட்டும். எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் ஏறும். பெண்ணில் முட்டைப்பை எழும்பும், ஆணில் விதை எழும்பும். எங்கள் எஞ்சின்காரரின் கணக்கில், புளோட்டை விரலால் அழுத்திப் பிடிப்பது.

ஆண்களுக்கு இது அனுமதிப் பத்திரத்தில் எழுதப்படாத பயன்பாடு. பல பத்து வருடங்களாக உலகெங்கும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள், பிள்ளை வேண்டும் என்ற ஆண்களுக்குக் கொடுக்கலாம் என்று 2018ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுநீரியல் சங்க வழிகாட்டலும் இடம்கொடுக்கிறது, ஆனாலும் பெட்டியில் ஆண் என்ற சொல் இல்லை. இதை அவருக்குத் தெளிவாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். ஈரல் நோய், காலில் இரத்தம் கட்டியது, குடும்பத்தில் இரத்தக்கட்டு ஏதும் உண்டா என்று கேட்டேன், இல்லை. பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்த்தபின் அதன் நிழல் கண்ணில் தங்கி நின்றாலோ அன்றைக்கே குளிசையை நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று சொன்னேன். திருத்திய எஞ்சினைச் சோதிக்க இரவில் படகு எடுத்துப் போகிறவர் என்பதால் இதை மூன்று தரம் சொன்னேன். அளவு: நாளுக்கு 25 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குளிசையில் பாதி.

மூன்றாம் நாள் குளிசை இல்லாமல் திரும்பி வந்தார். பாமசியில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது பொம்பிளையளுக்குக் குடுக்கிறது. டொக்டர் பேர் மாறி எழுதிப்போட்டார் போல, கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றிருக்கிறார். அவர் செய்தது சரி. சந்தேகம் வந்தால் கொடுக்காமல் திருப்பி அனுப்புகிற மருந்தாளர் ஊருக்குப் பாதுகாப்பு. நான் சீட்டில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மனைவியும் கூட வந்திருந்தார். கைப்பையைத் திறந்து, மடித்த துண்டுத்தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். குளிசைப் பெட்டிக்குள் வரும் விளக்கத்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழியும் நிலையில் இருந்தது. அலுமாரியில் மிச்சம் கிடந்த தன்னுடைய பழைய அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார். மருந்தின் பெயருக்குக் கீழே பேனையால் கோடு போட்டிருந்தார்.

"இது நான் விழுங்கின குளிசைதானே, டொக்டர்?"

"ஓம்."

"ஆறு மாசம் விழுங்கினன். எனக்குத் தேவையில்லாமலா?"

அவருடைய 21ஆம் நாள் புரொஜெஸ்ரரோன் குளிசை தொடங்குவதற்கு முன்னமே முட்டை ஒழுங்காக வெளியேறுவதைக் காட்டியிருந்தது. கணவனை ஒருமுறை பார்க்காமல் அதைத் தொடங்கியிருக்கக்கூடாது. அப்படியே சொன்னேன். சமாதானம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரில் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. ஆணுக்கான முதல் பரிசோதனை ஒரு சிறு குப்பியில் முடிந்துவிடும். பெண்ணுக்கோ கருக்குழாய் எக்ஸ்ரே வலிக்கும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் பெண்தான் முதலில் கட்டிலில் ஏறுகிறாள், பல வீடுகளில் கடைசிவரை அவள் மட்டுமே ஏறுகிறாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சவர பிளேடால் குளிசையை இரண்டாக வெட்டி ஒரு கிழமைக்கு எடுத்துவைத்தது மனைவிதான்.

முன்னேற்றம்

ஆறாவது கிழமையில் டெஸ்டோஸ்டிரோன் 14.8, எல்எச் 6.1, எஃப்எஸ்எச் 6.8. செங்குருதிக் கலப் பங்கு 46க்கு இறங்கியிருந்தது. மத்தியானத் தூக்கம் நின்றது. "ஆனா ஊசி போட்ட நேரத்து எழுப்பம் இல்லை" என்றார். குளோமிபீன் எடுப்பவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. இரத்தத்தில் எண் ஏறுவதுபோல் நாட்டம் அவ்வளவு ஏறுவதில்லை. மருந்திலேயே இரண்டு வடிவங்கள் கலந்திருக்கின்றன. ஈஸ்திரஜனைத் தடுக்கும் என்குளோமிபீன் ஏறத்தாழ 62 சதவீதம். அது ஒரு நாளுக்குள் பெரும்பகுதி வெளியேறிவிடும். மிச்சம் சூகுளோமிபீன், அது தானே சிறிதளவு ஈஸ்திரஜன்போல் நடக்கும், வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். இந்த அதிருப்திக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பார்வைத் தொல்லை வரவில்லை. கோபம் வந்தது. அதை அவர் சொல்லவில்லை, மனைவி சொன்னார்: பட்டறைப் பெடியனை ஸ்பனரால் எறியப் போயிருக்கிறார். மனநிலை மாற்றம் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஒன்றுவிட்ட நாள் 25 மில்லிகிராம் என்று குறைத்தோம். இரண்டு மூன்று கிழமையில் தணிந்தது. டெஸ்டோஸ்டிரோன் 13க்குக் கீழே போகவில்லை.

எடையிலும் கைவைத்தோம். இரவுப் பிட்டைக் குறைத்தார், சோடா விட்டார், காலையில் உப்புவெளிக் கடற்கரையில் நடந்தார். ஒன்பது மாதத்தில் 96 கிலோ 87 ஆனது. அதில் மருந்தின் பங்கு ஒன்றுமில்லை.

ஒரு விந்தணு தொடக்கத்திலிருந்து முதிர ஏறத்தாழ 74 நாள் எடுக்கும், அதற்குப் பிறகும் குழாய்களூடாக வரவேண்டும். அதனால் மூன்று மாதத்துக்கு முன் எண்ண வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நாலாம் மாதம் மில்லிலீற்றருக்கு 30 இலட்சம். ஏழாம் மாதம் 1 கோடியே 40 இலட்சம், அசைவு 38 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழெல்லை 1 கோடியே 60 இலட்சம், 42 சதவீதம்; இன்னும் அந்த எல்லைக்குக் கீழேதான். ஆனால் அது பிள்ளை தங்காது என்று பிரிக்கும் கோடு அல்ல. ஒன்பதாம் மாதம் மனைவிக்கு நாள் தள்ளியது. இதை எழுதும்போது 22 கிழமை. ஸ்கேன் சரியாக இருக்கிறது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

குளோமிபீனால்தான் விந்தணு திரும்பியது என்று நான் சொல்லமாட்டேன். மேலே தந்த 67, 90 என்ற கணக்கைப் பாருங்கள். ஊசியை நிறுத்தியதே பெரிய மருந்து. குளோமிபீன் களைப்பு மாதங்களைக் கடக்க உதவியது, எல்எச்சை உறுதியாக உயர்த்தியது. அந்த அளவுக்கு மட்டும் என்னால் சொல்ல முடியும்.

எல்லா ஆணுக்கும் இது பொருந்தாது. அதே மாதங்களில் இன்னொருவரைப் பார்த்தேன், வயது நாற்பதைத் தாண்டியவர், இளவயதில் கூவைக்கட்டு வந்து இரண்டு விதையும் சுருங்கியவர். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்எச் 19. மூளை ஏற்கெனவே முழுப் பலத்தோடு கத்திக்கொண்டிருக்கிறது, விதைக்குத்தான் கேட்கவில்லை. அவருக்கு இந்தக் குளிசையால் பயனில்லை. எல்எச் பார்க்காமல் இந்தக் குளிசையைத் தொடங்குவது, எண்ணெய் வருகிறதா என்று பாராமல் எஞ்சினைக் கழற்றுவது போன்றது.

என்குளோமிபீனை மட்டும் தனியாக எடுத்தால் என்ன என்று கைத்தொலைபேசியைக் காட்டிக் கேட்கிறார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தின் விண்ணப்பத்தை 2015இல் அமெரிக்காவும், 2018இல் ஐரோப்பாவும் ஏற்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் எண் ஏறியது. மனிதருக்கு அதனால் என்ன நன்மை என்பது காட்டப்படவில்லை. இணையத்தில் புட்டியில் விற்பதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். விளையாட்டு வீரர்களுக்கு இன்னொன்று: குளோமிபீன் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலில் எல்லாக் காலத்துக்கும் இருக்கிறது.

கர்ப்பம் மூன்று மாதத்தைத் தாண்டியதும் குளிசையை நிறுத்தினோம். நிறுத்தி எட்டாம் கிழமை, காலை ஏழரைக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 12.1, எல்எச் 4.4. புளோட் தானாக ஏறி இறங்குகிறது.

அந்தக் கடைசிப் பரிசோதனைத் தாளைக் காட்ட வந்த அன்று அவர் தனியாக வரவில்லை. ஸ்பனர் எறியப் பார்த்தாரே, அந்தப் பட்டறைப் பெடியன் கூட வந்திருந்தான். வயது 23. ஜிம்முக்குப் போகிறான், அங்கே யாரோ ஊசிக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"இவன் இன்னும் போடேல்லை, டொக்டர்" என்றார். "முதல்ல இவனைப் பாருங்கோ."

பெடியனிடம் என்ன தொல்லை என்று கேட்டேன். தொல்லை ஒன்றும் இல்லை, உடம்பு வரவேண்டும் என்றான். இரத்தம் எடுக்கத் தேவையே இருக்கவில்லை. மணிக்கோவையை எடுத்து மேசையில் வைத்து, 20 மில்லிலீற்றர் மணியையும் 12 மில்லிலீற்றர் மணியையும் அவன் கையில் தடவிப் பார்க்கக் கொடுத்தேன். எஞ்சின்காரர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு காபரேட்டரில் இருந்து தொடங்கினார்.